சீட் கிடைத்ததும் ஓடிப்போன ஆர்வம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதக் கட்டைப் பிரித்தால் எல்லாம் ஒரே ரகம். இன்ஜினியரிங் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர் என்று எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். படிக்கிற ஆசை எங்கிருந்து வருகிறது, வந்தது ஏன் போகிறது? சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போடவில்லை. சிலர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள், எழுதாதவர்களுக்கும் அதுவே நல்லது என்று எனக்குப் பட்டது.

கேள்வி: பள்ளி முடியும்வரை காலை நாலு மணிக்கு அலாரம் இல்லாமலே எழுந்து படித்தவன் நான். ஆசைப்பட்ட பிரான்ச்சே கிடைத்தது. ஆனால் கல்லூரி தொடங்கி மூன்று மாதம் ஆகியும் புத்தகத்தைத் திறக்க மனசு வரவில்லை. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா ஐயா?

இல்லை தம்பி. உங்களை நாலு மணிக்கு எழுப்பிய காரணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், அத்தனை நாள் நீங்கள் படித்தது இயற்பியலுக்காகவா? ஒரு சீட்டுக்காக. அதற்கு ஒரு தேதி இருந்தது, எட்ட வேண்டிய ஒரு மதிப்பெண் இருந்தது, கூடப் படித்தவர்களோடு ஒரு போட்டி இருந்தது, வீட்டில் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தக் காரணம் காலாவதி ஆகிவிட்டது. அந்த இடத்தில் யாரும் வேறு எதையும் வைக்கவில்லை, நீங்களும் வைக்கவில்லை. 'நாலு வருடம் கழித்து நல்ல வேலை' என்று சொல்வீர்கள். நாலு வருடம் கழித்து வரப்போகிற ஒன்று இன்று இரவு ஒன்பது மணிக்கு ஒருவரை நாற்காலியில் உட்கார வைக்காது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் இதையே துருவினார்கள். மனிதன் ஒரு வேலையில் தானாக ஈடுபட மூன்று உணர்வுகள் வேண்டும் என்பது அவர்கள் வந்து சேர்ந்த இடம். இதை நானே விரும்பிச் செய்கிறேன் என்பது ஒன்று. என்னால் இது முடிகிறது என்பது இன்னொன்று. இங்கே எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மூன்றாவது. இப்போது உங்கள் முதல் செமஸ்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பாடம், எந்த மணி, எந்த லேப் என்று எல்லாம் வேறு யாரோ போட்ட அட்டவணை. பள்ளியில் தொண்ணூறு வாங்கிய கை இங்கே ஐம்பதுக்குத் திணறுகிறது. பழைய நண்பர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள், புதியவர்களின் பெயர்கூட இன்னும் சரியாகத் தெரியாது. மூன்றும் ஒரே சமயத்தில் அடிவாங்குகிற இடம் முதல் வருடம். இதில் மனசு வராமல் இருப்பது சோம்பல் இல்லை, ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான்.

அதனால் ஆர்வம் வரட்டும், அப்புறம் உட்காரலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தண்ணீர் வந்தபின் கிணறு வெட்டுகிற கதை. இந்த வாரம் ஒரே ஒரு பாடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், யாரும் சொல்லாத பாடமாக இருக்கட்டும். அதில் ஒரு கணக்கை விடையைப் பார்க்காமல், எத்தனை தடவை தப்பினாலும் சரி, கடைசிவரை போட்டு முடியுங்கள். போட்டதை வகுப்பில் ஒருவருக்கு, அவர் கேட்காவிட்டாலும், சொல்லிக் காட்டுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். மேலே சொன்ன மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

கேள்வி: ரோபோ செய்ய வேண்டும் என்று இன்ஜினியரிங் வந்தேன். இங்கே கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம் என்று பள்ளிக்கூடமே திரும்ப நடக்கிறது. இதெல்லாம் எதற்கு? யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. எதற்கு என்று சொல்லாமல் நடத்துவதுதான் முதல் வருடத்தின் பெரிய பாவம் என்று நான் நினைக்கிறேன். பாதிப் பேருக்கு ஆர்வம் போவது அங்கேதான்.

ரோபோவையே எடுத்துக்கொள்வோம். அதன் கை எந்த மூட்டில் எவ்வளவு திரும்பினால் விரல்நுனி எங்கே போய் நிற்கும்? அந்தக் கணக்கு முழுக்க அணிகள்தான், நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பெருக்குகிற அதே மேட்ரிக்ஸ். அதன் சென்சார் குறைக்கடத்தி இயற்பியல். அதை ஓடவைக்கிற லித்தியம் அயனி பேட்டரி வேதியியல், அதற்காக 2019-ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்கிற வகைக்கெழுச் சமன்பாடு எதற்கு என்று இன்னொரு தம்பியும் கேட்டிருக்கிறார். சூடான தண்ணீர் ஆறுவதையும், கெபாசிட்டரில் சேர்ந்த மின்னூட்டம் வடிவதையும் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே சமன்பாடு, எழுத்துகள் மட்டும் வேறு. வண்டியின் ஷாக் அப்சார்பர் குதித்து அடங்குவதும், சுருள், கெபாசிட்டர், மின்தடை மூன்றும் உள்ள சுற்றில் மின்னோட்டம் ஊசலாடி அடங்குவதும் அப்படித்தான். எனக்கு இது முதல்முறை புரிந்தபோது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. ஒன்றைக் கற்றால் இன்னொன்று இலவசம்!

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்று ஒன்று உண்டா என்று கிண்டல் செய்யாதவர் யாரும் இல்லை. மாறுதிசை மின்சாரம் வந்த புதிதில் அதன் சுற்றுகளைக் கணக்கிட இன்ஜினியர்கள் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் 1893-ல் அந்த இடத்தில், அதே வர்க்கமூலத்தைச் சேர்த்துக் கட்டிய கலப்பெண்களைப் போட்டு, எல்லாவற்றையும் சாதாரணக் கூட்டல் பெருக்கலாக மாற்றிக் காட்டினார். கஷ்டப்படுத்த வந்த கணிதம் இல்லை அது, கஷ்டத்தைக் குறைக்க வந்தது. பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே கதையும் இதே ஜாதிதான். பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று பார்க்கப்போய், சிக்கலான ஒன்றைப் பல எளிய அலைகளின் கூட்டலாக எழுதும் கணிதத்தை 1807-ல் முன்வைத்தார். அதன் நெருங்கிய சொந்தமான ஒரு உருமாற்றத்தை நசீர் அகமதும் கூட்டாளிகளும் 1974-ல் வெளியிட்டார்கள். நீங்கள் போனில் அனுப்புகிற ஜேபெக் படம் சுருங்குவது அதனால்தான். வரைபட வகுப்பைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: முப்பரிமாணப் பொருளைத் தாளில் பிசகாமல் இறக்கும் அந்த முறையை பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் உருவாக்கியபோது, கோட்டை கட்ட உதவுகிறது என்று அதைப் பல வருடம் ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். இப்போது அதைத் தருகிறோம் என்றாலும் வாங்க ஆள் இல்லை.

ஆனால் ஒன்று, இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நீங்களே கண்டுபிடிப்பதில்தான் பலன். கிறிஸ் ஹல்லமனும் ஜூடித் ஹராக்கிவிட்ஸும் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளி அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பாடத்தின் சுருக்கத்தை எழுதச் சொன்னார்கள், மற்றவர்களை இந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று எழுதச் சொன்னார்கள். தனக்கு இது வராது என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது வகை எழுத்தால் ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. உங்களுக்குச் செலவு வாரத்துக்கு அரைப் பக்கம். 'இந்த வாரப் பாடம் என் ரோபோவில் எங்கே?' என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். சில வாரம் எங்கேயும் இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தில் செத்துப்போன பகுதிகளும் இருக்கத்தான் செய்கின்றன, அதை நான் மறைக்கப் போவதில்லை.

கேள்வி: தினமும் காலையில் ஊக்கம் தரும் வீடியோ பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருகிறேன். நல்ல பழக்கம்தானே?

எத்தனை மணிக்குப் பார்க்க ஆரம்பித்து எத்தனை மணிக்கு உட்காருகிறீர்கள் என்று எழுதவில்லையே! அதை ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள், பதில் உங்களுக்கே கிடைத்துவிடும்.

கேள்வி: மகன் விடுதியில் தங்கி முதல் வருடம் படிக்கிறான். நல்ல மதிப்பெண் எடுத்தால் பைக் வாங்கித் தருகிறேன் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். நான் தினமும் போன் செய்து படி படி என்கிறேன். இரண்டுமே வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்?

அம்மா, முதலில் அந்தத் தினசரிப் போனை நிறுத்த வேண்டாம், பேச்சை மட்டும் மாற்றுங்கள்.

பைக் விஷயத்துக்கு வருகிறேன். டெசி 1971-ல் செய்த ஒரு சோதனை இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கனசதுரப் புதிர் விளையாட்டைக் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு இடையில் ஒரு நாள் மட்டும், போட்ட ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. காசு நின்றுபோன அடுத்த நாள், விருப்பம்போல இருக்கலாம் என்று சில நிமிடம் தனியே விட்டபோது, காசு வாங்கிப் பழகியவர்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் புதிரைத் தொட்டார்கள். இரண்டு வருடம் கழித்து 1973-ல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் படம் வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளிடம் இதையே பார்த்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் பிறகு வரைவதையே குறைத்துக்கொண்டன. சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கூடாது என்பதில்லை. பேரம் கூடாது. மகன் ஒரு கஷ்டமான செமஸ்டரை முடித்துவிட்டு வரும்போது மனசார எதையாவது வாங்கிக் கொடுத்தால் அது வேறு.

இன்னொன்று, அதே டெசியின் சோதனைகளில் காசுக்குப் பதில் வாயால் பாராட்டியபோது ஈடுபாடு குறையவில்லை, கூடியது. போனில் 'படித்தாயா' என்று கேட்டால் 'ம்' என்றுதான் பதில் வரும். 'இன்று லேபில் என்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் இன்னும் நல்லது. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றால் முதலில் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டுமே.

கேள்வி: நான் சம்பளத்துக்காகத்தான் படிக்கிறேன். அறிவுத்தாகம், ஆராய்ச்சி எதுவும் எனக்கு இல்லை. இது தப்பா?

தப்பே இல்லை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று படிக்கிறவர்களை அறிவுத்தாகம் இல்லாதவர்கள் என்று மட்டம் தட்டுகிற பேச்சு எனக்குப் பிடிக்காது. வெளியிலிருந்து வருகிற காரணம் எல்லாமே ஒன்று இல்லை என்று டெசியும் ரயானும்கூடப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். அடிக்குப் பயந்து படிப்பது ஒரு வகை. படிக்காவிட்டால் குற்ற உணர்வு குடையும் என்று படிப்பது இன்னொரு வகை. இதனால் எனக்கு இன்ன நன்மை, அது எனக்கு முக்கியம் என்று ஏற்றுக்கொண்டு படிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது, ஆசையோடு படிப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கிறது. சம்பளம் உங்களுக்கு எந்த வகை என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் சம்பளத்தில் இல்லை, அதன் தூரத்தில். உங்களுக்குப் பிடித்த சம்பளம் தருகிற நாலைந்து வேலை விளம்பரங்களை எடுத்துவைத்து, அதில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள், அதில் எது இந்த செமஸ்டர் பாடத்தில் தொடங்குகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். நாலு வருடத் தூரம் கொஞ்சம் சுருங்கும்.

கேள்வி: பள்ளியில் முதல் மாணவி. இங்கே முதல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. புத்தகத்தை மூன்று முறை படித்தேன், எல்லாம் புரிந்தது, தேர்வில் ஒன்றும் வரவில்லை. எனக்கு இன்ஜினியரிங் மூளை இல்லையோ?

முப்பத்தொன்றைப் பார்த்து நீங்கள் அழுத அன்று அந்த வகுப்பில் எத்தனை பேர் தங்கள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்கள் என்று கவனித்தீர்களா அம்மா? எல்லோரும் அவரவர் பள்ளியில் முதல் ஆட்கள். ஒரு வகுப்பு முழுக்க முதல் ஆட்களை நிரப்பினால் ஒருவரைத் தவிர எல்லோரும் முதல் இடத்தை இழக்கத்தான் வேண்டும், அதில் மூளைக்குச் சம்பந்தம் இல்லை.

எலைன் சீமோர், நான்சி ஹெவிட் என்ற இருவர் அமெரிக்காவில் ஏழு கல்லூரிகளில் அறிவியல், பொறியியல் படிப்பை விட்டுப் போனவர்களையும் தங்கியவர்களையும் உட்காரவைத்துப் பேசி, 1997-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விட்டுப் போனவர்கள் திறமையில் குறைந்தவர்களாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பெரிய வித்தியாசம் இல்லை. மோசமான பாடம் நடத்தல், மூச்சுமுட்டும் வேகம், ஆர்வம் போனது என்று இரண்டு தரப்பும் சொன்ன குறைகள்கூட ஏறக்குறைய ஒன்றே. எனக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

இப்போது அந்த 'மூன்று முறை படித்தேன்'. அங்கேதான் கோளாறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் காட்டியது இது: திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒரு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. பழகியதைப் புரிந்தது என்று நம்பிவிடுகிறோம். அதிலும் பொறியியல் கணக்குப் புத்தகத்தில் தீர்த்துவைத்த உதாரணங்களைப் படித்தால் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும், அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவது மாதிரி. கையால் மூடிக்கொண்டு அடுத்த வரி என்ன என்று நீங்கள் எழுதுங்கள். தப்பும், தப்பட்டும்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதியதும் இதோடு சேரும். என்னால் முடியும் என்ற நம்பிக்கை நாலு வழியில் வருகிறது என்றார். தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் தைரியம், அப்போதைய உடம்பு மனசு நிலை. இதில் எல்லாவற்றையும்விட வலுவானது முதலாவது. 'உன்னால் முடியும்' என்று நான் நாலு பத்தி எழுதுவதைவிட இன்று இரவு நீங்களாகப் போட்டு முடிக்கிற ஒரு கணக்கு அதிகம் பேசும். கடினமானதிலேயே தொடங்காதீர்கள். அதே அத்தியாயத்தில் சுலபமானதில் ஆரம்பியுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலுமே பிடிப்பு இல்லை என்றால் அது படிப்பு முறையால் தீர்கிற விஷயம் இல்லை. கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ தாமதிக்காமல் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். லேபில் பையன்கள் கருவியை எடுத்துக்கொண்டு, 'உன் கையெழுத்து நல்லா இருக்கு' என்று ரெக்கார்டு நோட்டை என்னிடம் தள்ளுகிறார்கள். தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

அந்தக் கையெழுத்துப் பாராட்டு நான் மாணவனாக இருந்த காலத்திலும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன். அடுத்த லேபுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: 'இந்த வாரம் வெர்னியர் என் கையில், நோட்டு உன் கையில்.' விளக்கம் கொடுக்க வேண்டாம். கேட்கவில்லை என்றால் லேப் ஆசிரியரிடம், வாரம் ஒருவராக வேலையை மாற்றிப் போடச் சொல்லுங்கள். புகாராக இல்லாமல் ஏற்பாடாகக் கேட்டால் பெரும்பாலும் நடக்கும்.

தப்பான இடம் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். கிரெகரி வால்ட்டனும் கூட்டாளிகளும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு முதலாண்டு பொறியியல் மாணவர்களைப் பற்றியதுதான். 'நமக்கு இங்கே இடமில்லையோ என்ற சந்தேகம் முதல் வருடத்தில் எல்லோருக்கும் வரும், நாளாக நாளாகக் குறையும்' என்று சீனியர்கள் சொன்னதைப் புதியவர்களுக்குக் கொடுத்து, அதைப் பற்றித் தங்கள் வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். பெண்கள் குறைவாக உள்ள பிரிவுகளில் ஆண் பெண் மதிப்பெண் இடைவெளி அந்த முதல் வருடத்திலேயே மறைந்தது. மூன்றாம் வருட அக்கா ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர் முதல் வருடம் எப்படி இருந்தார் என்பதை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்காகச் சேர்ந்தேன். எனக்கு விருப்பமே இல்லை. விடலாமா?

விடலாம், விடக் கூடாது என்று தூரத்தில் உட்கார்ந்து நான் சொன்னால் அது இன்னொரு அப்பா வேலை. ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காதது பொறியியலா, தள்ளிவிடப்பட்டதா? இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் கசக்கும். ஒரு செமஸ்டர் உண்மையாக முயன்று பாருங்கள், அப்பாவுக்காக இல்லாமல் சோதனையாக. ஏதாவது ஒரு பாடம், ஒரு லேப், நேரம் போனது தெரியாமல் பிடித்துவைக்கிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எதுவுமே இல்லை என்றால் அந்தக் குறிப்போடும், அதற்குப் பதில் என்ன படிக்கப்போகிறீர்கள் என்ற விவரத்தோடும் அப்பாவிடம் பேசுங்கள். 'பிடிக்கவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் காதில் 'படிக்க முடியவில்லை' என்றுதான் விழும்.

கேள்வி: முதலாண்டு வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பின் வரிசை முழுக்கப் போன், முன் வரிசை முழுக்கத் தூக்கம். வருகைப்பதிவுக்கு மதிப்பெண் வைத்தும் உடம்பு மட்டும்தான் வருகிறது. மாணவர்களை எப்படித் தூண்டுவது?

உங்கள் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. உடம்புக்கு மதிப்பெண் வைத்தீர்கள், உடம்பு வந்தது.

ஐம்பது நிமிடம் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது என்ற ஏற்பாட்டையே கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஸ்காட் ஃப்ரீமனும் கூட்டாளிகளும் 2014-ல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம். மாணவர்கள் நடுநடுவே தாங்களே கணக்குப் போட்டு, விவாதித்து, பதில் சொல்லும் வகுப்புகளில் 21.8. ஒன்றும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி, ஆளுக்கு ஒரு விடை எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் சண்டை போடட்டும், அப்புறம் நீங்கள் பேசுங்கள். தூங்குகிறவரைப் பக்கத்து ஆளே எழுப்பிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் மாணவர்கள் முனகுவார்கள், 'சார் நடத்தவே மாட்டேன் என்கிறார்' என்று புகார்கூடப் போகும். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் இதே வேடிக்கை. இப்படிப்பட்ட வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். வழுக்கிக்கொண்டு போகிற நல்ல சொற்பொழிவைக் கேட்டவர்கள் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். முதல் நாளே இதை வகுப்பில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் துறைத்தலைவர் காதில் போட இன்னொன்று. அமெரிக்காவில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004-ல் முதலாண்டு கணிதத்தையே புரட்டிப் போட்டது. பொறியியல் பாடங்களுக்கு உண்மையில் தேவைப்படுகிற கணிதத்தை மட்டும் எடுத்து, பொறியியல் ஆசிரியர்களே, லேபோடு சேர்த்து நடத்த ஆரம்பித்தார்கள். கால்குலஸ் முழுக்க முடித்தால்தான் அடுத்த பாடம் என்ற பூட்டையும் தளர்த்தினார்கள். பட்டம் வாங்கி வெளியேறுகிறவர்கள் கூடினார்கள், வேறு கல்லூரிகளும் எடுத்துக்கொண்டன. பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை என்பீர்கள். இருக்கட்டும், முதல் பத்து நிமிடம் உங்கள் கையில்தானே இருக்கிறது? சமன்பாட்டைப் பலகையில் எழுதுவதற்கு முன், அது ஓடுகிற ஒரு பொருளை மேசையில் வையுங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஆர்வமாகப் படித்தீர்களா?

முதல் வருடம் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவன் ஐயா நான். சுவரில் சாய்த்த ஏணியில் ஒருவன் ஏறுகிறான், எவ்வளவு உயரம் போனால் ஏணி நழுவும் என்று ஒரு கணக்கு உண்டு, எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அவன் எதற்கு ஏறுகிறான், எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். தேர்வில் அதுவே வந்தது.

விடுமுறையில் பல்பு மாற்ற ஏணியில் ஏறினேன். முதல் நாலு படி ஒன்றும் இல்லை. ஏழாவது படியில் கீழே ஏணியின் கால் மெல்ல நகர ஆரம்பித்தது. அதே ஏணி, அதே தரை, அதே நான், உயரம் மட்டும்தான் வேறு. நான் மேலே போகப் போக என் எடை சுவரை நோக்கி நகர்கிறது, சுவர் திருப்பித் தள்ளுவது கூடுகிறது, அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டியது கீழே இருக்கிற உராய்வு ஒன்றுதான், அதற்கு ஓர் எல்லை உண்டு. இத்தனையும் நான் அந்தரத்தில் நின்று யோசித்தேன் என்று நினைக்காதீர்கள், அப்போது கத்திக்கொண்டு இறங்கியதோடு சரி. ராத்திரி தாளை எடுத்து என் எடை, ஏணி நீளம், சாய்வு எல்லாம் போட்டு, ஏழாவது படி வருகிறதா என்று பார்த்தேன். உராய்வுக் கெழுவை நானே குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டது. எட்டு வந்தது. அன்றைக்கு ஒரு மணிவரை புத்தகத்தில் அந்த அத்தியாயக் கணக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தேன், யாரும் சொல்லாமல்.

மறுதேர்வில் ஏணி வரவில்லை. கப்பி கேட்டிருந்தார்கள். எப்படியோ தேறினேன்.